ஒன்பதாம் தளத்தில் ஓர் அறை

அமைதி விலைக்குக் கிடைக்கும் பண்டமா என்று முன்னர் எவரேனும் நம்மிடம் வினவியிருந்தால், தவக்காலத் தியான உரைக்கு ஏற்ற தலைப்பு என்று கூறி நகைத்திருப்போம். அண்மையில் அவ்வினா மெய்யாகவே விலைப்பட்டியலோடும் வரைபடத்தோடும் நம் மேசைக்கு வந்து சேர்ந்தது. உல்லாசப் பயணக் கப்பலொன்றில், எழுபத்தெட்டு வயதான நம் தாயார் உறங்குவதற்கு ஓசை குறைந்த அறையொன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் அறைகள். அவற்றுள் எது அமைதியானது என்று விளம்பர ஏட்டில் எங்கும் எழுதப்படவில்லை. கடல் தெரியும் அறை எது, குளியல்தொட்டி உள்ள அறை எது என்பதெல்லாம் வண்ணப் படங்களோடு இருந்தன.

பங்குத்தந்தைக்கும் உல்லாசக் கப்பலுக்கும் என்ன உறவு என வாசகர் வினவலாம். 1966இல் நம் தாயார் புதுமணப்பெண்ணாக நாகப்பட்டினத்தில் 'ராஜுலா' கப்பலேறிப் பினாங்கு சென்றவர். 1968இல் அவருடைய முதற்பெண் குழந்தை எட்டு மாதத்தில் காய்ச்சல் கண்டு இறந்தது. பினாங்கு மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டது. 1970இல் கைக்குழந்தையான நம்மை ஏந்திக்கொண்டு பெற்றோர் அதே கப்பலில் நாடு திரும்பினர். அதன்பின் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்விடத்தை அவர் மீண்டும் காணவில்லை. சிங்கப்பூரில் குடியேறிய நம் தங்கை, விமானத்தில் ஒன்றரை மணி நேரத்தில் அழைத்துச் செல்வதாகப் பலமுறை கூறியும் தாயார் இசையவில்லை. நாம் திருநிலைப்பட்ட நாள் முதல் அவர் நம்மைச் 'சாமி' என்றே அழைப்பார். "பிள்ளைய விட்டுட்டுக் கப்பலேறித்தான் வந்தேன் சாமி, கப்பலேறித்தான் போவேன்" என்றார். அதற்குமேல் வாதிட எவருக்கும் நாவெழவில்லை.

ஆகவே சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவுப் பயணம் ஒன்று முடிவாயிற்று. இரண்டாம் நாள் கிள்ளான் துறைமுகம். மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குப் பினாங்கு. மாலை ஐந்து மணிக்குக் கப்பல் புறப்பட்டுவிடும். கப்பல் எவருக்காகவும் காத்திராது. தாயாரின் உடல்நிலையோ ஓரிரவு உறக்கம் கெட்டாலும் மறுநாள் இரத்த அழுத்தம் ஏறித் தலைசுற்றலில் படுத்துவிடும் நிலை. அவ்வொன்பது மணி நேரத்தைப் படுக்கையிலே கழித்துவிட்டுத் திரும்ப நேர்ந்தால் இன்னொரு முறை அவரை அழைத்துச் செல்ல இயலும் என்று எவரும் நம்பவில்லை, அவர் உட்பட. எனவே அவர் எந்த அறையில் உறங்குவார் என்பது எங்களுக்கு வெறும் வசதியைப் பற்றிய பேச்சாக இருக்கவில்லை.

கப்பல் என்பது எஃகினால் ஆகியது. வீட்டுச் சுவர் ஒலியை ஓரளவு விழுங்கும். எஃகோ அதைக் கடத்திச் செல்லும். மேலே ஒருவர் நாற்காலியை இழுத்தால் கீழே உள்ளவரின் தலைமாட்டில் அது முழங்கும். ஆகவே ஓசையற்ற அறையைத் தேடுவோர் முதலில் பார்க்க வேண்டியது அறையை அன்று. அதன் மேலும் கீழும் என்ன இருக்கிறது என்பதையே. பலமுறை கடற்பயணம் செய்தோர் கூறும் விதி எளியது: படுக்கையின் மேலும் படுக்கை இருக்கட்டும், கீழும் படுக்கை இருக்கட்டும். உறங்குகிறவர்களுக்கு நடுவே இருப்பவனே உறங்குவான்.

தங்கை தேர்ந்து வைத்திருந்தது பதினான்காம் தளம். உயரமானது, விலையும் உயர்ந்தது. அம்மா கடலைக் காண வேண்டும் என்பது அவள் ஆசை. வரைபடத்தில் அதற்கு நேர் மேலே பார்த்தோம். நீச்சற்குளமும், அதைச் சுற்றிச் சாய்வு நாற்காலிகளும், ஓரமாக உணவுக்கூடமும் இருந்தன. நள்ளிரவு வரை அங்கே இசை இருக்கும். அது ஓய்ந்தபின் தளத்தைக் கழுவுவர். விடியுமுன் நாற்காலிகளை இழுத்து வரிசைப்படுத்துவர். பின்னர்க் காலை உணவுக்கான தள்ளுவண்டிகள் உருளும். இவ்வளவும் நம் தாயாரின் தலைக்கு மேல். அதிக விலை கொடுத்தவருக்கு அதிக அமைதி கிடைக்கும் என்னும் எண்ணம் கப்பலில் பெரும்பாலும் பொய்க்கிறது. தங்கையிடம் இதனைத் தொலைபேசியில் விளக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவள் ஏற்றுக்கொண்டாள் என்று சொல்வதைவிட, அண்ணன் சாமியார் சொல்கிறாரே என்று விட்டுக்கொடுத்தாள் எனலாம்.

உயரத்தைத் தவிர்க்க வேறொரு காரணமும் இருந்தது. துலாக்கோலின் நடுமுள் அதிகம் அசையாதிருக்கத் தட்டுகளே ஏறி இறங்குவது போல, கப்பலிலும் நடுப்பகுதி அசைவு குறைந்தது. முனைகளும் உச்சியுமே மிகுதியாக ஆடும். தலைசுற்றல் உள்ளவருக்குத் தாழ்வான நடுப்பகுதியே ஏற்றது. மலாக்கா நீரிணை பெரும்பாலும் சாதுவான கடல்தான். எனினும் வானிலையை நாம் முன்பதிவு செய்ய இயலாதே!

அப்படியானால் கீழே போய்விடலாமா? அங்கும் தடையுண்டு. இக்கப்பலில் ஆறு, ஏழாம் தளங்களில் கலையரங்கு, கடைவீதி, சூதாட்டக்கூடம் ஆகியவை. எட்டாம் தளத்து அறைகள் அவற்றுக்கு நேர் மேலே உள்ளவை. மத்தளத்தின் அதிர்வு தரைவழியே ஏறி வரும். முன்பகுதியின் கீழ்த்தளத்து அறைகளுக்கு வேறொரு தொல்லை: கப்பலைத் துறையில் அணைக்கும்போது நீர்மட்டத்துக்குக் கீழே குறுக்காக அமைந்த உந்துவிசிறிகளை இயக்குவர். அது பெரும்பாலும் விடியற்காலையில் நிகழும். அருகில் படுத்திருப்போர் திடுக்கிட்டு எழுவர். பின்பகுதியில் உந்துகருவிகளின் இடைவிடாத அதிர்வு. கப்பலில் நல்ல உறக்கத்திற்குப் பின்பகுதி உகந்ததன்று என்கிறது இக்கால அறிவுரை. மாற்கு நற்செய்தியில் ஆண்டவர் புயலுக்கிடையே தலையணை வைத்துத் துயின்றது படகின் பிற்பகுதியில்தான் என்பது நினைவுக்கு வந்து நாமே சிரித்துக்கொண்டோம். அவ்வுறக்கம் வேறு வகை.

இவ்வாறு தள்ளித் தள்ளி ஒன்பதாம் தளத்தின் நடுப்பகுதிக்கு வந்து சேர்ந்தோம். மேலே பத்தாம் தளத்தில் அறைகள். கீழே எட்டாம் தளத்தில் அறைகள். ஆயினும் வரைபடத்தில் ஆங்காங்கே பெயர் எழுதப்படாத வெள்ளை இடங்கள் தென்பட்டன. அவற்றைப் பலர் கவனிப்பதில்லை. வெறும் இடம் என்று கப்பலில் ஒன்றும் இல்லை. பயணிகளுக்கு உரியதல்லாத இடமே அவ்வாறு வெள்ளையாக விடப்படுகிறது: துணிமணிக் கிடங்கு, பணியாளர் படிக்கட்டு, பாத்திர அறை முதலியன. வெள்ளை இடத்துக்கு அடுத்த அறையில் இரவெல்லாம் கதவு திறந்து மூடும் ஓசை கேட்கலாம். அதனின்று நான்கு அறைகள் தள்ளிப் போனோம்.

மின்தூக்கியே கடினமான சிக்கலைத் தந்தது. அதன் அருகே நள்ளிரவிலும் ஆள் நடமாட்டமும் பேச்சும் ஓயா. ஆகையால் தொலைவு வேண்டும். தாயாரின் முழங்காலோ அண்மையை வேண்டியது. அமைதிக்கு ஏற்றது காலுக்கு ஏற்றதன்று. பத்துக் கதவுகள் தள்ளி ஓர் அறை என்று இறுதியில் உடன்பட்டோம். தாயார் நம் இல்லத்திலிருந்து ஆலயத்திற்கு நடக்கும் தொலைவைவிட அது குறைவே. அடுத்தது இடைக்கதவு. இரண்டு அறைகளை இணைக்கும் கதவுள்ள அறைகளைத் தவிர்க்க வேண்டும் என்பர். அதன் வழியே பக்கத்து அறைப் பேச்சு தெளிவாகக் கேட்குமாம். ஆனால் பக்கத்து அறையில் இருப்பவர் நம்மவரேயானால்? தாயாருக்கும் தங்கைக்கும் ஓர் அறை, நமக்கும் மைத்துனருக்கும் இணைந்த மற்றோர் அறை எனப் பதிவு செய்தோம். மைத்துனரின் குறட்டை உறவினரிடையே பெயர்பெற்றது. கதவு மூடியே இருக்கும் என்று தங்கை உறுதி கூறினாள்.

கட்டணத்தில் சற்றுக் குறைவான திட்டமொன்றும் இருந்தது. 'உத்தரவாத அறை' என்பது அதன் பெயர். அறையை நாம் தேர்ந்தெடுக்க இயலாது; நிறுவனமே கடைசி நேரத்தில் எதையேனும் ஒதுக்கும். ஏதோவொரு படுக்கை உண்டு என்பதற்கு மட்டுமே அங்கே உத்தரவாதம். பெயர் சூட்டியவரின் துணிவைப் பாராட்டிவிட்டு அத்திட்டத்தை விட்டுவிட்டோம்.

முதல் நாள் மாலை கப்பலின் உணவுக்கூடத்தில் குமரிமாவட்டக் கடற்கரை ஊரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் நம் பேச்சைக் கேட்டு அருகே வந்தார். சலவைப் பகுதியில் வேலை. இன்னொருவரோடு சிறு அறையில் தங்கல். அறை நீர்மட்டத்துக்குக் கீழே. எப்படி உறங்குகிறீர்கள் என்று கேட்டோம். "எஞ்சின் சத்தம் பழகிடுச்சு ஃபாதர். அது நின்னாத்தான் முழிப்பு வரும்" என்றார். ஊர் திரும்பியபின் இதுபற்றித் தேடிப் படித்தோம். கப்பல்களில் ஓசை அளவுக்கெனப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2012இல் ஏற்ற நெறிமுறை 2014 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. 10,000 டன்னும் அதற்கு மேலும் உள்ள புதிய கப்பல்களில் பணியாளர் உறங்கும் அறைகளில் ஓசை 55 டெசிபலுக்கு மேற்படலாகாது என்பது விதி. பயணிகளின் அறைகளுக்கு அந்நெறிமுறை பொருந்தாது. உல்லாசப் பயணியின் உறக்கத்தைவிட உழைப்பவனின் உறக்கத்தை முதலில் எண்ணிய அந்தச் சட்டத்தின்மீது நமக்கு மதிப்பு உண்டாயிற்று. பழைய கப்பல்களில் உழைப்போரின் நிலை வேறு.

இரண்டு இரவுகளும் அறை அமைதியாகவே இருந்தது. கிள்ளானில் கப்பல் அணைந்தபோது தண்ணீர்க் குவளை மெல்ல நடுங்கியது, அவ்வளவே. ராஜுலா காலத்தில் அத்துறைமுகத்துக்குப் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்று பெயர். 1972இல் பெயர் மாறியது. பினாங்கின் கப்பல்துறையோ இன்றும் ஸ்வெட்டன்ஹாம் என்னும் அவ்வெள்ளையரின் பெயராலேயே வழங்குகிறது.

மூன்றாம் நாள் விடியுமுன் இடைக்கதவைத் தட்டிச் சென்று பார்த்தோம். தாயார் தலைவாரி, வெள்ளைச் சேலை உடுத்தி, பால்கனியில் அமர்ந்திருந்தார். தொலைவில் பினாங்கின் விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன. "நல்லாத் தூங்கினீங்களா அம்மா?" என்றோம்.

"தூங்கினேன் சாமி. நல்ல ரூம்தான்." சற்று நேரம் பேசவில்லை. பின் தொடர்ந்தார்: "ராஜுலாவில திரும்பி வரும்போது கீழ்த்தளத்துல பாய் விரிச்சுப் படுத்திருந்தோம். எத்தனையோ சனம். ஒரே இரைச்சல். ராத்திரி நான் அழுதா, பக்கத்துல படுத்திருக்கிற பொம்பளைங்க எழுந்து வந்து உக்காந்துக்குவாங்க. யாரு எந்த ஊருன்னு தெரியாது. இங்க நான் அழுதாக்கூட யாருக்கும் கேக்காது."

என்ன விடை கூறுவதென்று நமக்குத் தெரியவில்லை. காப்பி வரவழைத்தோம்.

கல்லறைத் தோட்டத்தில் அக்குழந்தைக்குக் கல் இல்லை. அன்று நட்டது மரச்சிலுவை. அது என்றோ மண்ணாகியிருக்கும். பெரிய மரமொன்றிலிருந்து அடியெண்ணி, சுவரோரம் ஓரிடத்தில் தாயார் நின்றார். இதுதான் என்றார். நாம் செபித்தோம். அவர் புல்லின்மேல் அமர்ந்தார். நண்பகல் கடந்தும் எழவில்லை. தலைசுற்றல் வரவில்லை. தங்கை குடை பிடித்து நின்றாள். மூன்று மணிக்கு நாமே நேரத்தை நினைவூட்ட வேண்டியதாயிற்று.

ஐந்து மணிக்குக் கப்பல் புறப்பட்டது. அன்றிரவு படுக்கப்போகும் முன் இடைக்கதவைத் திறந்தே வைக்கும்படி தாயார் கூறினார். மைத்துனரின் குறட்டையைப் பற்றித் தங்கை எச்சரித்தாள். இருக்கட்டும் என்றார்.