45 விநாடி வீடியோவும் நான்கு யூதச் சமையல் புத்தகங்களும்

போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் ஆயா செய்த விவிகம் கேக்கை 45 விநாடி வீடியோவாக எடுத்துப் போட்டேன். ரவை கொட்டுவது, முட்டை அடிப்பது, முந்திரி தூவுவது, கடைசியில் கேக்கில் கத்தி இறங்குவது. பின்னணியில் அப்போது டிரெண்டிங்கில் இருந்த ஒரு பாட்டு. செய்து முடிக்கும்வரை ஆயா பேசிக்கொண்டேதான் இருந்தார். அளவு சொன்னார், நடுவில் ஏதோ கதையும் சொன்னார். பாட்டுக்கு இடைஞ்சல் என்று அவர் குரலை மியூட் செய்தேன். ஒரு வாரம் கழித்து போனில் இடமில்லை என்று வந்ததும், எடுத்த ஒரிஜினல் கிளிப்புகளையும் அழித்துவிட்டேன்.

இந்த ஐப்பசியில் ஆயாவுக்குப் பக்கவாதம் வந்தது. நடக்க ஆரம்பித்துவிட்டார். ஆளை அடையாளம் தெரிகிறது, சொல்வது புரிகிறது. பேச்சு மட்டும் இன்னும் திரும்பவில்லை.

மூலக்குளத்தில், வில்லியனூர் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே எங்கள் வீடு. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் குடும்பம். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கேக் எப்படி என்று கேட்பீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு ஆயா, மிஷன் வீதிப் பக்கம் ஒரு சொல்தா வீட்டில் சமையல் வேலை பார்த்தார். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களை புதுச்சேரியில் சொல்தா என்போம். அந்த வீட்டம்மா சொல்லிக் கொடுத்ததுதான் விவிகம். மைதாவுக்குப் பதில் ரவை, நிறைய முட்டை, நெய், முந்திரி, திராட்சை, கொஞ்சம் ரம். அந்தக் குடும்பம் பிறகு பிரான்ஸுக்குப் போய்விட்டது. கேக் மட்டும் ஆயாவோடு மூலக்குளத்துக்கு வந்துவிட்டது.

ஆயாவுக்கு எழுதத் தெரியாது. எங்களுக்குத் தெரியும், ஆனால் யாரும் எழுதவில்லை. "முப்பது வருஷமா பக்கத்துல நின்னு முட்டை உடைச்சுக் குடுத்திருக்கேன். எவ்ளோன்னு ஒரு தடவகூட கேக்கலியே" என்று அம்மா இப்போது புலம்புகிறார்.

இந்த நிலையில்தான் ஆபீஸில் ஒரு வேலை கொடுத்தார்கள். டிசம்பரில் யூதர்களின் ஹனுக்கா பண்டிகை வரும். எண்ணெயில் பொரித்த பலகாரம்தான் அதன் விசேஷம், கிட்டத்தட்ட நம் தீபாவளி மாதிரி. அதையொட்டி யூதச் சமையல் புத்தகங்கள் பற்றி எழுதச் சொன்னார்கள். மட்டாஞ்சேரிக்கு ஒருமுறை டூர் போய் வந்தவள் என்ற ஒரே தகுதியில் வேலை என்னிடம் வந்தது. லிஸ்ட் போட்டு முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை.

தேங்காய்ப்பால் சொன்ன ரகசியம்

முதலில் எடுத்தது 'ஸ்பைஸ் அண்ட் கோஷர்'. கொச்சி யூதர்களின் சமையல். கொச்சியில் பிறந்து இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த மருத்துவர் எஸ்ஸி சசூன், கனடாவில் வாழும் பாலா மேனன், கென்னி சேலம் மூவரும் சேர்ந்து 2013-ல் கொண்டுவந்தது.

கேரளத்தில் யூதர்கள் வேரூன்றியது இன்று நேற்றல்ல. சுமார் ஆயிரம் வருடங்களுக்கு முன் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகருக்கு வட்டெழுத்தில் செப்பேடு எழுதிக் கொடுத்திருக்கிறார். மட்டாஞ்சேரியின் பரதேசி ஜெப ஆலயம் 1568-ல் கட்டப்பட்டது. தரையில் நீலநிறச் சீன ஓடுகள். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது என்று கைடு சொன்னதைக் கேட்டு, குனிந்து தேடியது ஞாபகம் இருக்கிறது.

இவர்கள் சமையலில் கோஷர் என்றொரு விதிமுறை உண்டு. பன்றி கிடையாது, இறால், நண்டு கிடையாது. மீன் என்றால் செதிலும் துடுப்பும் இருக்க வேண்டும். இறைச்சியையும் பாலையும் ஒன்றாகச் சேர்க்கவே கூடாது, பாத்திரம்கூடத் தனித்தனி. "பத்து பார்ப்பது" என்று நம் பாட்டிகள் சொல்வார்களே, கவுச்சிச் சட்டியைத் தனியாக வைப்பார்களே, அதைத் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பாலும் தயிரும் நெய்யும் சேர்க்காமல் கறிக்குழம்பைக் கெட்டியாக்குவது எப்படி? கொச்சியில் அதற்குக் கையருகே பதில் இருந்தது: தேங்காய்ப்பால். பெயரில் பால் இருந்தாலும் அது பால் இல்லையே!

சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள். வெள்ளி மாலை சூரியன் சாய்ந்தால் அடுப்பு மூட்டக் கூடாது. அதனால் வெள்ளிக்கிழமையே ஏற்றிவைத்து, ராத்திரி முழுக்கச் சின்னத் தணலில் வேகும் 'ஹமீன்' போன்ற சாப்பாடு.

1948-ல் இஸ்ரேல் உருவான பிறகு, 1950-களில் இவர்களில் பெரும்பாலோர் அங்கே கிளம்பிவிட்டார்கள். மட்டாஞ்சேரி யூதத் தெருவில் எம்ப்ராய்டரி கடை வைத்திருந்த சாரா கோஹன் பாட்டி, 2019-ல் 96 வயதில் காலமானார். சமைத்தவர்கள் போய்ச் சேர்ந்த பின், கனடாவிலும் இஸ்ரேலிலும் உட்கார்ந்து கொச்சி மீன்குழம்பை எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஆயாவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

நம் வீட்டு அவல்தான்!

இரண்டாவது, எஸ்தர் டேவிட் எழுதிய 'பெனே அப்பெத்தி' (2021). விருந்துக்கு முன் பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் வாழ்த்தோடு, 'பெனே இஸ்ரேல்' யூதர்களின் பெயரைக் கலந்து வைத்த தலைப்பு. புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். எஸ்தர் டேவிட், அகமதாபாத்தைச் சேர்ந்த நாவலாசிரியர். 'புக் ஆஃப் ரேச்சல்' நாவலுக்காக 2010-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கியவர். இந்தியாவிலுள்ள ஐந்து யூதச் சமூகங்களைத் தேடிப் போய் எழுதியிருக்கிறார்: மகாராஷ்டிரம், குஜராத் பக்கத்து பெனே இஸ்ரேல், கொச்சி, கொல்கத்தாவின் பாக்தாதி யூதர்கள், ஆந்திராவின் பெனே எப்ராயீம், மணிப்பூர் - மிசோரமின் ப்னெய் மெனாஷே.

கப்பல் உடைந்து கொங்கண் கரையில் ஒதுங்கியவர்களின் வழிவந்தவர்கள் நாங்கள் என்பது பெனே இஸ்ரேல் மக்களின் நம்பிக்கை. எண்ணெய் ஆட்டுவது அவர்கள் தொழிலாக இருந்தது. சனிக்கிழமை செக்கு ஓட்டமாட்டார்கள் என்பதால் ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர். அவர்களின் முக்கியமான படையல் 'மாலிதா'. நனைத்த அவல், தேங்காய்த் துருவல், இனிப்பு, ஏலக்காய், முந்திரி, திராட்சை, சுற்றிலும் நறுக்கிய பழங்கள். எலியா தீர்க்கதரிசியை வேண்டிச் செய்வார்கள்.

கிருஷ்ண ஜெயந்திக்கு நாம் செய்யும் இனிப்பு அவல்தானே இது! ஒரு சனிக்கிழமை காலை டிபனுக்கே செய்துவிட்டேன். சிவப்பு அவலை நனைத்துப் பிழிந்து, பொடித்த வெல்லம், தேங்காய், ஏலக்காய் சேர்த்துப் பிசறி, மேலே வாழைப்பழமும் பேரீச்சையும். பதினைந்து நிமிட வேலை. விழுங்கச் சிரமம் இல்லாததால் ஆயாவும் சாப்பிட்டார்.

"உன்னை நினைத்துக்கொள்ள..."

அன்றாடச் சமையல், பண்டிகைச் சமையல் இரண்டுக்கும் சேர்த்து ஒரே புத்தகம் வேண்டும் என்பவர்களுக்கு கிளாடியா ரோடனின் 'தி புக் ஆஃப் ஜூயிஷ் ஃபுட்'. பதினைந்து வருடங்களுக்கும் மேல் அலைந்து சேகரித்து 1996-ல் வெளியிட்டார். 800-க்கும் மேற்பட்ட குறிப்புகள், இந்திய யூதர்களுக்கும் இடம் உண்டு.

ரோடன் 1936-ல் கெய்ரோவில் பிறந்தவர். 1956 சூயஸ் போருக்குப் பிறகு எகிப்து யூதர்கள் கூட்டம் கூட்டமாக நாட்டைவிட்டு வெளியேற வேண்டி வந்தது. லண்டனில் இவர் பெற்றோர் வீட்டில் கூடிய உறவினர்கள், இனி எப்போது பார்ப்போமோ என்ற பயத்தில், ஒருவரிடம் ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டது சமையல் குறிப்புகளைத்தான். சமைக்கும்போது உன்னை நினைத்துக்கொள்வேன் என்பது அதன் அர்த்தம். அவருடைய புத்தகங்களில் குறிப்புக்கு மேலே அதைச் சொன்ன ஆள், ஊர், காலம் எல்லாம் இருக்கும். நான் என் வீடியோவில் வெட்டி எறிந்தது சரியாக அந்தப் பகுதியைத்தான்.

விட்டுப்போன பொருள்கள்

நான்காவது புத்தகத்தை வைத்து யாரும் சமைக்கப்போவதில்லை. 'இன் மெமரீஸ் கிச்சன்', 1996. இரண்டாம் உலகப்போரின்போது செக் நாட்டின் டெரசின் நகரில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்தார்கள். பட்டினியில் கிடந்த பெண்கள் அங்கே உட்கார்ந்து தங்கள் வீட்டுச் சமையல் குறிப்புகளை நினைவிலிருந்து எழுதினார்கள். அவர்களில் ஒருவரான மினா பெக்டர் 1944-ல் அங்கேயே இறந்துபோனார். சாகும் முன் அந்தக் காகிதக் கட்டை ஒரு நண்பரிடம் கொடுத்து, மகளிடம் சேர்த்துவிடச் சொன்னார். கை மாறிக் கை மாறி, நியூயார்க்கில் இருந்த மகளுக்கு அது கிடைக்க 25 வருடங்கள் ஆயின.

அந்தக் குறிப்புகள் சிலவற்றில் ஒரு பொருள் விட்டுப்போயிருக்கும், ஒரு படி தாவியிருக்கும். பசியில் வாடிய மூளை எழுதியது. அந்தக் குறையோடேயே அச்சிட்டிருக்கிறார்கள். முழுசாக இல்லை என்பதற்காக யாரும் அதைத் தூக்கிப் போடவில்லை.

இதைப் படித்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, அடுக்களையில் ஆயாவுக்கு நாற்காலி போட்டேன். எதிரே ஸ்டூலில் பெரிய பாத்திரம், பக்கத்தில் ஆயாவின் பழைய உழக்கு.

ஒரு உழக்கு ரவை கொட்டினேன். முகத்தைப் பார்த்தேன். அசைவில்லை. இரண்டாவது உழக்கு. இடது கை மேலே எழுந்தது. அங்கே நிறுத்தினேன். முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். பத்து வரை தலையாட்டினார். சர்க்கரைக்கு விரலால் தொட்டுச் சுவைத்துவிட்டு, இன்னும் என்பதுபோல் புருவத்தைத் தூக்கினார். ரம்முக்கு நான் ஒரு மூடி ஊற்றியதும் என்னை முறைத்தார். அம்மா சிரித்துவிட்டார். ஆயா இடது கையால் பாட்டிலை வாங்கி, அவரே ஊற்றினார். மூன்று மூடி இருக்கும்.

முன்பெல்லாம் தட்டை ரொட்டிக்கடை அடுப்புக்கு அனுப்பி வேகவைத்து வாங்குவோம். இந்த முறை வீட்டு ஓவனிலேயே வைத்தோம். அடி கொஞ்சம் தீய்ந்துவிட்டது. ஆயா ஒரு துண்டு வாயில் போட்டு, நிதானமாக மென்று, உள்ளங்கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். சுமார்!

இந்த முறை போனில் முழுவதும் பதிவாகியிருக்கிறது. பாட்டு எதுவும் சேர்க்கவில்லை. பாத்திரச் சத்தமும் அம்மாவின் சிரிப்பும்தான். இந்தப் பண்டிகைக்கு உங்கள் வீட்டிலும் யாராவது எதையாவது கிளறிக்கொண்டே பேசிக்கொண்டிருப்பார்கள். போனை எடுத்தால், குரலையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: ரவை இரண்டு உழக்கு, ஆயா கை தூக்கும் வரை. முட்டை பத்து. ரம் மூன்று மூடி, ஆயா கையால். ஆனாலும் பழைய வாசனை வரவில்லை. ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது, என்னவென்று அம்மாவுக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். அடுத்த ஞாயிறு ஏலக்காய், ஜாதிக்காய், பட்டை, சோம்பு என்று ஒவ்வொன்றாக ஆயா மூக்கருகே காட்டிப் பார்க்கப்போகிறேன்.