டைல்ஸுக்கு நாலு நாள், செப்டிக் டேங்குக்கு ஒரு வார்த்தை

சென்னை, பெங்களூருன்னு வேலைக்குப் போனவங்க இப்போ எங்க ஊர்ல வீடு கட்டுறது அதிகமாயிருக்கு. சந்தோஷம்தான். டைல்ஸ் பார்க்க நாலு நாள் கடை கடையா ஏறி இறங்குறாங்க. செப்டிக் டேங்க்னா மட்டும், "அதெல்லாம் மேஸ்திரி பார்த்துக்குவார்"னு ஒரே வார்த்தை.

நகரத்துல பாதாளச் சாக்கடை இருந்தா, தண்ணி ஊத்தினதோட உங்க வேலை முடிஞ்சது. ஊர்ல அது உங்க மண்ணுக்குள்ளேயேதான் கிடக்கும். குடிக்கிற தண்ணியும் அதே மண்ணுல இருந்துதான் வருது.

எங்க பக்கம் பல வீடுகள்ல நாலஞ்சு சிமெண்ட் உறையை இறக்கி, மேல மூடியைப் போட்டு, அதைத்தான் செப்டிக் டேங்க்னு சொல்றாங்க. அடியில காங்கிரீட் கிடையாது. "இருபது வருஷமா ஒரு தடவைகூட எடுத்ததில்லை"ன்னு பெருமை வேற. நிறையலைன்னா எங்கே போகுது? எங்க தெருவுல ஒரு கிணத்துத் தண்ணியை இப்போ மாட்டுக்குக்கூடக் காட்டுறதில்லை. முப்பது அடி தள்ளி அப்படி ஒரு உறைக்குழி இருக்கு.

முறையான தொட்டிக்கு அடியும் சுவரும் கசியக் கூடாது. நடுவுல தடுப்புச் சுவர் வேணும். முதல் அறையில கசடு அடியில தங்கும், எண்ணெய்ப் பசை மேல மிதக்கும். இடையில இருக்கிற தண்ணி மட்டும் ரெண்டாவது அறைக்குப் போய், அங்கிருந்து உறிஞ்சுகுழிக்குப் போகணும். அந்தக் குழி குடிதண்ணிக் கிணத்துல இருந்து குறைஞ்சது 18 மீட்டர், அதாவது 60 அடி தள்ளி இருக்கணும். வாயு வெளியேற உயரமா ஒரு குழாய், ஒவ்வொரு அறைக்கும் திறக்கிற மாதிரி மூடி. இதெல்லாம் தெரிஞ்ச மேஸ்திரியைத் தேடிப் பிடிங்க.

மூடி மேல டைல்ஸ் ஒட்டி மறைச்சிடாதீங்க. ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை லாரியை வரவழைச்சு கசடை உறிஞ்சி எடுக்கணும். குழாய் நுழைய வழியில்லாம, கசடும் கல்லு மாதிரி இறுகிப்போனா, கடைசியில ஒரு மனுஷனை உள்ளே இறங்கச் சொல்லுவாங்க. உள்ளே மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கும். ஒருத்தர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் சேர்ந்து சாகிற செய்தியைப் பேப்பர்ல எத்தனை தடவை படிச்சிருப்போம்! பாதுகாப்பில்லாம ஆளை இறக்குறது 2013 சட்டப்படி குற்றம். நம்ம வீட்டுக் குழிக்காக இன்னொரு வீட்டுப் பிள்ளை சாகக் கூடாதுங்க.

அடுத்த தடவை ஊருக்கு வர்றப்போ, மண்ணைத் தள்ளி மூடுறதுக்கு முன்னாடி தொட்டி நிறைய தண்ணி விடச் சொல்லி ஒரு நாள் பாருங்க. மறுநாள் மட்டம் நல்லா இறங்கியிருந்தா, டைல்ஸ் கடையைத் தள்ளி வைங்க. முதல்ல மேஸ்திரியைக் கூப்பிடுங்க.