இரவல் பட்டு

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் எமது ஓவிய அறைக்கு, மதுரையிலிருந்து குடிபெயர்ந்த அன்பர் ஒருவர் வந்தார். மறைந்த தம் தாயாரின் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைத் தந்து, வண்ணத்தில் தீட்டித் தரக் கேட்டார். புடவை அரக்கு என்றார் அவர். பச்சை என்றார் தங்கையார். அரக்கே தீட்டினோம்.

1950களில் கடைக்கு வந்த அக்ரிலிக் வர்ணம் நீரில் கரையும், உலர்ந்தபின் கரையாது. ஈரத்தில் பால்போலிருக்கும் அதன் பசை உலர்ந்ததும் தெளிவதால், நிறம் சற்றுக் கருக்கும். ஆகவே சிறிது வெளிறவே கலந்தோம். மூன்றாம் பூச்சில் பட்டு மின்னியது.

படம் காண வந்த சிற்றன்னையார் கண்கலங்கினார்.

"அது என் ஊதாப் பட்டு, தம்பி. படம் பிடிக்க அக்காவுக்கு இரவல் கொடுத்தேன். அவளுக்கு ஏது பட்டு? நீலச் சுங்கடிதான்."

அண்ணனும் தங்கையும் தலைகுனிந்தனர். "சுங்கடியே தீட்டுங்கள்" என்றார் அன்பர்.

அரக்கின்மேல் வெள்ளை பூசி, அதன்மேல் நீலம் தீட்டினோம். அவ்வம்மையார் வாழ்நாளில் உடுத்தறியாத சொந்தப் பட்டு அடியில் உறங்குகிறது.

அன்பர்களே, பழம்படங்களின் கதையைப் பெரியோர் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.