பாறசாலை வீட்டு அலமாரி

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை என்று ஊர்களை ஒவ்வொன்றாகக் கடந்து வந்தால் பாறசாலை வரும். அதற்கு அப்பால் சிறிது தூரத்தில் களியக்காவிளை; அது தமிழ்நாடு. இரண்டு மாநிலங்களின் எல்லை என்றால் நடுவே மலையோ பேராறோ குறுக்கிடும் என்று எதிர்பார்ப்போர் இங்கே ஏமாந்துபோவார்கள். கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறது. பேருந்துகளின் நிறம் மாறுகிறது. அவ்வளவுதான். மரச்சீனியும் வாழையும் ரப்பரும் இரு பக்கமும் ஒன்றுபோலவே நிற்கின்றன. மக்களின் பேச்சும், எந்த இடத்தில் தமிழ் முடிந்து மலையாளம் தொடங்கியது என்று சொல்ல முடியாதபடி கலந்தே ஒலிக்கிறது.

ஒரு காலத்தில் இவையெல்லாம் திருவிதாங்கூர் என்ற ஒரே சமஸ்தானம். 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. மார்ஷல் நேசமணி அவர்கள் தலைமை தாங்கிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரைப் பகுதியையும் கேட்டுப் போராடிற்று. ஆனால் அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. எங்கள் குடும்பமும் அன்று இரண்டு துண்டாயிற்று. பாட்டனாரின் வீடு பாறசாலைப் பக்கம். அவருடைய விளைகளில் ஒன்று விளவங்கோடு தாலுகாவில். பெண் கொடுத்ததும் கொண்டதும் இரு பக்கமும்.

சென்ற ஆண்டு எங்கள் சித்தப்பா பாறசாலையில் காலமானார். பதினாறாம் நாள் அடியந்திரத்துக்கு எங்களால் கடல் கடந்து வந்துசேர இயலவில்லை. தை மாதத்தில்தான் விடுமுறை கிடைத்தது. துக்கம் விசாரிப்பதற்கென்று சென்ற எங்களிடம், இரண்டாம் நாள் மாலை சித்தி ஒரு திறவுகோலைக் கொடுத்தார்.

“மக்களே, அந்த அலமாரியத் திறந்து பாருங்க. அத வெச்சிருக்கவும் வய்யா, களையவும் வய்யா. நீங்க ஒரு வழி சொல்லணும்” என்றார்.

திறந்தோம். பழைய வேட்டிகளுக்குப் பின்னால் ஐந்து விஸ்கிப் போத்தல்கள் இருந்தன. ஐந்தும் முத்திரை உடையாதவை. சித்தப்பா 1979இல் பஹ்ரைனுக்குப் போய் 1997இல் திரும்பியவர். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஒரு போத்தல் வாங்கி வருவார் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அவர் குடித்து நாங்கள் பார்த்ததில்லை. ஊரார் வந்து ஜாடையாகக் கேட்டாலும் சிரித்துவிட்டு, திறவுகோலை இடுப்பிலேயே வைத்துக்கொள்வார்.

சித்தியின் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் தம்பி, அதாவது அவருடைய ஒரே மகன், பல ஆண்டுகள் குடியில் சிக்கி, வேலையை இழந்து, சிகிச்சை பெற்று, இப்போது பதினான்கு மாதங்களாக ஒரு துளியும் தொடாமல் இருக்கிறான். அவன் படுக்கும் அறைக்கும் அந்த அலமாரிக்கும் இடையே ஒரு சுவர்தான். ஒருபுறம் மகன், மறுபுறம் கணவர் பதினெட்டு ஆண்டு வெயிலில் உழைத்த பணத்தில் வாங்கிய பொருள். எதைக் காப்பது, எதை இழப்பது என்று அந்த அம்மையார் நாலு மாதமாக உறங்கவில்லை.

முதலில் போத்தல்களின் வயதை ஆராய்ந்தோம். ஒன்றில் துபாய் விமான நிலையத் தீர்வையில்லாக் கடையின் சீட்டு ஒட்டியிருந்தது. அந்தக் கடை 1983 டிசம்பரில்தான் திறக்கப்பட்டது. ஆகவே இது அதற்குப் பின் வாங்கியது. மூன்றில் கொள்ளளவு 75 சென்டிலிட்டர் என்று அச்சிட்டிருந்தது. ஐரோப்பாவில் 1990களின் தொடக்கத்தில் விஸ்கிப் போத்தலின் அளவு 70 சென்டிலிட்டராகக் குறைக்கப்பட்டதால், இவை பெரும்பாலும் அதற்கு முந்தியவையாக இருக்கலாம். மற்ற இரண்டும் ஒரு லிட்டர் கொண்டவை. ஆகக் கூடி 4.25 லிட்டர்.

செய்தி எப்படியோ கசிந்து, பக்கத்து வீட்டு அன்பர் ஒருவர் ஓடி வந்தார். இலண்டனில் 2023 நவம்பரில் 1926ஆம் ஆண்டின் மக்கால்லன் விஸ்கி ஒரு போத்தல் 21 லட்சத்து 87 ஆயிரத்து 500 பவுனுக்கு ஏலம் போயிற்றே, உங்களுக்கும் அதிர்ஷ்டம் அடித்துவிட்டது என்று மகிழ்ந்தார். அவருக்கு நாங்கள் விளக்க வேண்டியதாயிற்று. திராட்சை மதுவில் சில வகைகள் போத்தலுக்குள்ளும் ஆண்டுதோறும் பக்குவப்படும். விஸ்கி அப்படியன்று. அது முதிர்வதெல்லாம் மரப்பீப்பாயில் இருக்கும்வரைதான். ஸ்காத்லாந்து விஸ்கி ஓக் மரப்பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டு கிடக்க வேண்டும் என்பது சட்டம். போத்தலில் அடைத்தபின் அதன் வயது நின்றுவிடுகிறது. பன்னிரண்டு ஆண்டு விஸ்கி நம் அலமாரியில் நாற்பது ஆண்டு கிடந்தாலும் பன்னிரண்டு ஆண்டு விஸ்கியே. மேலும் சித்தப்பா வாங்கியவை உலகமெங்கும் இலட்சக்கணக்கில் விற்ற சாதாரணக் கலவை வகைகள். அரியது என்பதற்குத்தான் ஏலத்தில் விலை. பழையது என்பதற்காக மட்டும் விலை இல்லை.

அப்படியே விலை இருந்தாலும் விற்க முடியாது. உரிமம் இல்லாதவர் ஒரு போத்தலை விற்றாலும் அது குற்றம். நெய்யாற்றின்கரை நீதிமன்றத்தில் தொழில் புரியும் வழக்கறிஞர் நண்பர் ஒருவர் எங்களுக்கு இதையெல்லாம் பொறுமையாக எடுத்துரைத்தார். கேரளத்தில் நடைமுறையில் உள்ள அப்காரிச் சட்டம் கொல்லம் ஆண்டு 1077இல், அதாவது 1902இல், கொச்சி சமஸ்தானத்தில் பிறந்தது. 1967இல் மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. அதன்கீழ் ஒருவர் கைவசம் வைத்திருக்கக்கூடிய அளவுக்கு வரம்பு உண்டு. இந்தியாவில் தயாராகும் அந்நிய வகை மது 3 லிட்டர். வெளிநாட்டில் தயாரானது 2.5 லிட்டர். எங்கள் சித்தி, வாழ்நாளில் மதுவின் வாசனையைக்கூட விரும்பாதவர், திறவுகோலைக் கையில் வாங்கிய நாளிலிருந்து வரம்புக்கு மேல் மது வைத்திருப்பவராகக் கருதப்பட இடமிருந்தது!

“வரம்பு ஆளுக்கு ஆள் கணக்கு. மகன் பெயரில் பாதியை ஒதுக்கலாமே?” என்று நண்பர் இயல்பாகக் கேட்டார். சித்தி எதற்கு அஞ்சினாரோ, சட்டம் காட்டிய எளிய வழி அதுவாகவே இருந்தது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பேசாதிருந்தோம்.

மகள் வீட்டுக்கு அனுப்பலாமா என்றால், தங்கையை மணம் செய்து கொடுத்திருப்பது குழித்துறையில். தங்கை காலையில் புறப்பட்டுத் தாயைப் பார்த்துவிட்டு மாலையில் திரும்புகிறாள்; எவரும் அவளைத் தடுப்பதில்லை. ஆனால் போத்தல் அவளோடு போக முடியாது. களியக்காவிளையைத் தாண்டிய கணமே அது வேறொரு மாநிலத்து மது. அங்கே 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் ஏட்டில் இருக்கிறது. அரசே கடை நடத்துகிறது என்பதால் அச்சட்டம் மாய்ந்துவிடவில்லை. வடக்கே கொண்டுபோவோம் என்றாலோ, நெய்யாற்றுப் பாலத்தை ஒட்டி அமரவிளையில் கலால் சோதனைச் சாவடி பெயர் பெற்றது.

இந்த எல்லையின் விசித்திரத்தை எண்ணிக்கொண்டே மறுநாள் நெய்யாற்றங்கரையில் நடந்தோம். அகத்தியமலையில் பிறந்து பூவாற்றில் கடலோடு கலக்கும் இந்த ஆற்றின் அணையிலிருந்து இடதுகரைக் கால்வாய் வழியாக விளவங்கோடு வயல்களுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. 2004இல் அது நிறுத்தப்பட்டது. பாட்டனாரின் விளைக்கும் அந்தத் தண்ணீர்தான். ஆக, இந்த எல்லையில் தண்ணீரும் நின்றது, மதுவும் நிற்கிறது. அதே ஆற்றின் கரையில் அருவிப்புறத்தில்தான் ஸ்ரீ நாராயண குரு 1888இல் சிவப் பிரதிஷ்டை செய்தார். மதுவைக் காய்ச்சவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம், குடிக்கவும் வேண்டாம் என்று பிற்காலத்தில் மக்களுக்கு உபதேசித்தவரும் அவரே.

வீடு திரும்பியதும் போத்தல்களை அட்டைப் பெட்டிகளிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம். அப்போதுதான் பெட்டிகளின் உள்மடிப்பில் பென்சிலால் எழுதியிருப்பதைக் கண்டோம். சித்தப்பாவின் கையெழுத்து. “மகள் கல்யாணம்.” “வீடு பால்காய்ப்பு.” “மகன் வேலை.” நான்காவதில் ஒன்றும் எழுதவில்லை. ஐந்தாவதில், “அண்ணனுக்கு, 1988.”

அண்ணன் என்றது எங்கள் தந்தையாரை. விளவங்கோட்டு விளையைப் பங்கிட்டதில் சகோதரர் இருவருக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டு, நாலு ஆண்டுகள் பேச்சு இல்லை. 1988இல் சித்தப்பா விடுமுறைக்கு வந்து இறங்குவதற்குப் பத்து நாள் முன்பு தந்தையார் திடீரென்று மறைந்தார். தம்பி பகையை விடவில்லை என்ற எண்ணத்தோடேயே அவர் போய்விட்டார் என்று எங்கள் வீட்டில் இத்தனை காலமும் சொல்லி வந்தோம். நாங்களும் அதை நம்பிச் சித்தப்பாவிடம் அளந்தே பழகினோம். அவர் ஒரு முறையாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போத்தலை மட்டும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பூட்டி வைத்திருந்தார்.

அந்தப் போத்தல் ஒன்றுதான் தக்கை அடைத்தது. மற்றவை திருகு மூடி. அதை அவர் பின்புறம் கிடத்தி வைத்திருந்தார். விஸ்கியை நிறுத்தியே வைக்க வேண்டும். கிடத்தினால் அதன் காரம் தக்கையை அரித்துவிடும். தக்கை கருத்து நொறுங்கி, மூன்றில் ஒரு பங்கு கசிந்து போயிருந்தது.

அன்றிரவு தம்பியே பேச்சை எடுத்தான். “எனக்க வேண்டி அப்பாவுக்க சாதனத்தக் களையண்டாம். நான் தொடமாட்டேன்” என்றான். சற்றுப் பொறுத்து, “ஆனாலும் அது அங்க இருக்குன்னு தெரிஞ்சிட்டு ராத்திரி கிடக்க கஷ்டமாக்கும்” என்றும் சொன்னான். முதல் வாக்கியம் தந்தைக்காகச் சொன்னது. இரண்டாவதே உண்மை நிலை. சித்தி எழுந்து போய் அவன் தலையில் கை வைத்தார். முடிவு அப்போதே ஆகிவிட்டது.

மறுநாள் விடியற்காலையில் தம்பி ரப்பர் விளைக்குப் புறப்பட்டுப் போனான். ஊற்றும் வேலையை அவனிடம் விடலாகாது என்று நாங்கள் முன்பே பேசி வைத்திருந்தோம். வாசனையே போதும், பழைய வழி திறந்துகொள்ளும். கிணற்றுக்கு எட்டத்தில், தெற்கு மூலையில் ஒரு குழி வெட்டி, ஐந்தையும் ஊற்றினோம். கால் மணி நேரமாயிற்று. “அண்ணனுக்கு” என்றிருந்ததைக் கடைசியில் ஊற்றியபோது சித்தி, “ரெண்டுபேரும் இனி அங்க இருந்து பேசிக்கொள்ளட்டு” என்றார். எங்களுக்குப் பேச வாய் வரவில்லை. குழியை மூடி, வீட்டைத் திறந்து வைத்து, சாம்பிராணி போட்டோம். வெறும் போத்தல்களின் சீட்டுகளை நனைத்துக் கிழித்து, கழுத்துகளை உடைத்தபின்பே பழைய சாமான்காரரிடம் கொடுத்தோம். பெயர் பெற்ற போத்தல் முழுதாகக் கிடைத்தால் அதில் கண்டதையும் நிரப்பி விற்போர் உண்டு.

இதைப் படிக்கும் அன்பர்களில் பலருக்கும் ஊரில் இப்படி ஓர் அலமாரி இருக்கக்கூடும். தந்தையோ மாமனாரோ வளைகுடாவிலிருந்தோ, சிங்கப்பூரிலிருந்தோ, பட்டாளத்திலிருந்தோ கொண்டுவந்தது உள்ளே இருக்கும். அவரவர் வீட்டு நிலைமைக்கு ஏற்ப, சட்டம் அனுமதிக்கும் அளவில் வைத்துக்கொள்வாரும் உண்டு. அது தவறென்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் மொத்த அளவை முதலில் கணக்கிடுங்கள். மாநில எல்லையைக் கடத்தாதீர்கள். விலை பேசாதீர்கள். வீட்டில் மதுவோடு போராடும் ஒருவர் இருந்தால், மற்றெல்லாக் கணக்கையும் அதற்குப் பின்னால் வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரியவர் உயிரோடு இருக்கும்போதே, இது யாருக்காக வாங்கியது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

இப்போது அந்த அலமாரியில் சித்தி கருப்பட்டியும் நல்லமிளகும் வைத்திருக்கிறார். திறவுகோல் கதவிலேயே தொங்குகிறது. “அண்ணனுக்கு” என்று எழுதிய அட்டைத் துண்டை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டோம். இரண்டு மாநிலச் சட்டத்திலும் அதற்குத் தடை இல்லை. சோதனைச் சாவடியில் அதை எவரும் கேட்கவுமில்லை. இங்கே எங்கள் வீட்டில் தந்தையாரின் படத்துக்குக் கீழே இருக்கிறது.