பால் இல்லாத தயிர்சாதம்!

அவள் வீகன் ஆகி ஒரு வருடமாகிறது. தாய்ப்பசுவிடமிருந்து கன்றை இழுத்துக் கட்டுவதைப் பார்த்துவிட்டு வந்த அன்று பால், தயிர், நெய் மூன்றையும் விட்டாள்.

கணவருக்கு அதில் வருத்தமில்லை. சிக்கல் அவளுடைய நாக்குதான். சோயா தயிரில் பச்சை வாடை, தேங்காய்ப்பால் தயிரில் தித்திப்பு என்று தட்டை நகர்த்திவிடுவாள். காய்ச்சலில் படுத்திருந்தபோது, "அம்மா கையால ஒரு வாய் தயிர்சாதம் கிடைச்சா போதும்" என்றாள். அம்மா இறந்து இரண்டு வருடமாகிறது.

அன்றிரவே அவர் ஒரு கப் வேர்க்கடலையை ஊறவைத்தார். காலையில் தோல் நீக்கி, மூன்று கப் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டி, அடிபிடிக்காமல் காய்ச்சினார். வெதுவெதுப்பானதும் நான்கைந்து பச்சை மிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடினார். காம்பிலிருக்கும் பாக்டீரியாவே பாலை உறையவைத்துவிடும். முதல் நாள் நீர்த்துப்போனது. அதிலேயே இரண்டு ஸ்பூன் எடுத்து மறுநாள் பாலுக்கு உறை ஊற்றினார். கெட்டித் தயிர்!

குழைந்த சாதத்தில் பிசைந்து, நல்லெண்ணெயில் கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கொட்டினார். ஓரத்தில் மாவடு.

ஒரு வாய் சாப்பிட்டவள், "உப்பு கம்மிங்க" என்றாள். அவர் முகம் வாடிவிட்டது.

"அம்மாவும் கம்மியாத்தான் போடுவாங்க" என்றபடி தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.