அக்கா வீட்டு மீட்டர்

என் மின்சாரக் காருக்குச் செலவே இல்லை என்று அட்டன் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். செலவு இருந்தது. அதைக் கட்டியது கொழுந்து பறிக்கும் என் அக்கா.

2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் ஆட்கள் வரிசையில் கிடந்த நேரம், பழைய நிசான் லீஃப் ஒன்றை வாங்கினேன். பெற்றோல் பங்குக்கான கியூஆர் கோட்டும் வேண்டாம், வரிசையும் வேண்டாம் என்ற மிதப்பு. நுவரெலியாவிலிருந்து நானுஓயா பக்கம் இறங்கும்போது பேட்டரி தானாக ஏறுவதைக் கூட வருகிறவர்களுக்குக் காட்டுவேன். மலை ஏறும்போது தின்ற கரண்டில் ஒரு பங்குதான் அப்படித் திரும்புகிறது என்பதைச் சொல்லமாட்டேன்.

நான் இருந்த வாடகை மாடியில் சார்ஜ் போட வசதியில்லை. டிக்கோயாப் பக்கம் அக்காவின் லயத்து வீட்டுக்குப் போய், ஜன்னல் வழியாக வயர் இழுத்து இராத்திரி முழுக்கப் போட்டுவிடுவேன். "போடு தம்பி, கரண்டு என்னா தேஞ்சா போயிரும்?" என்பாள். நம்ம காசல்ரீ நீர்த்தேக்கத் தண்ணியில் எடுக்கிற கரண்டுதானே என்று நானும் மனசுக்கு ஒரு நியாயம் வைத்திருந்தேன்.

பல்பு, டிவி, ரைஸ் குக்கர்: அவள் வீட்டுப் பாவனை மாதம் 60 யூனிட்டைத் தாண்டாது. என் காரை ஒரு தடவை நிரப்பினாலே ஏறக்குறைய 20 யூனிட் போகும். 60ஐத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே விலை கூடும். நிலையான கட்டணமும் ஏறும். கணக்கு வாத்தியாரான எனக்கு இது தெரியாது என்றால் யார் நம்புவார்கள்?

2023 பெப்ரவரியில் மின்கட்டணம் சராசரி 66 சதவீதம் கூடியது. "அரசாங்கம் கூட்டியிருச்சு தம்பி, ஏழெட்டுப் பேரு கரண்டுக்கே போகுது" என்று பில்லை நீட்டினாள். ஒரு பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்; அப்போது 1,000 ரூபா. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான். பில்லில் பாதிக்கு மேல் என் கார் என்று பார்த்ததுமே தெரிந்தது. "அநியாயம்க்கா" என்று அவளோடு சேர்ந்து அரசாங்கத்தைத் திட்டினேன். என்னிடம் காசு இல்லாமல் இல்லை. கொடுத்திருந்தால் 'செலவே இல்லை' என்ற என் பெருமை போயிருக்கும்.

இப்போது வேறு இடத்தில் காசு கட்டி சார்ஜ் போடுகிறேன். பேட்டரி பழசாகிவிட்டது, அவ்வளவு தூரம் வராது என்று அக்காவிடம் இன்னொரு பொய். 2023 ஜூலையில் மின்கட்டணத்தைக் கொஞ்சம் குறைத்தார்கள். தன் பில் இறங்கியது அதனால்தான் என்று நம்புகிறாள். அவள் காசை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுத்தால் எதற்கென்று கேட்பாள்.