பாதைக்கு யார் பொறுப்பு?

எங்கட பக்கம் 'பாதை' எண்டா ரெண்டு அர்த்தம். தரையில போற வீதியும் பாதைதான், ஆக்களை ஏத்தித் தண்ணீரைக் கடக்கிற மிதவையும் பாதைதான். கிண்ணியாப் பெரிய பாலம் 2009 இல் திறக்கும்வரை திருகோணமலைக்குப் போக ஊர்ச்சனம் ரெண்டாவது பாதையைத்தான் நம்பியிருந்தது.

2021 நவம்பர் 23 காலை குறிஞ்சாக்கேணியில் கவிழ்ந்ததும் அந்தப் பாதைதான். புதுப்பாலம் கட்டும் வேலை நடந்ததால் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதில்தான் கடக்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் உட்படக் குறைந்தது ஆறு பேர் போயிட்டாங்க. படகை ஓட்டியவர்கள் கைதானார்கள், நகரசபைத் தவிசாளரும் கைதானார். பிறகு கடற்படை படகு விட்டது. அப்படியெண்டா பாதுகாப்பான படகு விட ஏலாமல் இருக்கவில்லை. அதை முதல் நாளிலிருந்தே விட வேண்டியவர் யார் என்பதுதான் எங்கட கேள்வி.

அரசியலமைப்பைத் திறந்து பார்த்தோம். 1987 இல் வந்த 13 ஆவது திருத்தத்தின் மாகாணசபைப் பட்டியலில் வீதிகள், பாலங்கள் மட்டுமல்ல, அவற்றிலுள்ள படகுச் சேவைகளும் இருக்கு. தேசிய நெடுஞ்சாலைகளும் அவற்றின் பாலங்களும் படகுகளும் மட்டும் மத்திக்கு. உள்ளூராட்சியும் மாகாணப் பட்டியலில்தான். கடதாசியில் எல்லாம் தெளிவு.

ஆனா அந்தக் காலையில் கிழக்கு மாகாணசபையே இல்லை. 2012 இல் தெரிவான சபை 2017 செப்டெம்பர் 30 இல் கலைந்தது. தேர்தல் முறையை மாத்தினாங்க, எல்லை நிர்ணய அறிக்கையை 2018 இல் நாடாளுமன்றம் நிராகரித்தது, தேர்தல் அப்படியே நிண்டுபோச்சு. இதை எழுதும்வரை நடக்கேல்ல. சனாதிபதி நியமிக்கிற ஆளுநர்தான் மாகாணத்தை நடத்துகிறார். "படகுக்கு ஏன் காசு ஒதுக்கேல்ல?" என்று சபையில் எழும்பிக் கேட்க ஓர் உறுப்பினர் இல்லை. கேட்காதவரை அடுத்த முறை வீட்டுக்கு அனுப்ப எங்களுக்கு வாக்கும் இல்லை.

காசும் அப்படித்தான். மாகாணங்களுக்கான நிதியை நிதி ஆணைக்குழு பரிந்துரைக்கும், விடுவிப்பது கொழும்புத் திறைசேரி. மாகாணத்தின் சொந்த வருமானம் அதற்குப் பக்கத்தில் சின்னது. நகரசபையிட்ட இருப்பது ஆதனவரி, கட்டணங்கள், கொஞ்ச மானியம். பாலம் பெரிய திட்டம், அதற்கு ஒதுக்கீடு உண்டு. பாலம் முடியும்வரை சனம் எப்படிக் கடக்கும் என்பது சின்ன விசயம், அதனால் அது கீழே கீழே இறங்கி, காசும் கருவியும் ஆகக் குறைந்தவரின் தலையில் விழுது.

"இதுக்குத்தான் மாகாணசபை வேணாம், எல்லாத்தையும் மத்தியே செய்யட்டும்" என்று சிலர் சொல்வாங்க. சபை இல்லாத நாலு வருசத்துக்குப் பிறகுதான் குறிஞ்சாக்கேணி நடந்தது என்பதை அவங்களுக்கு ஞாபகப்படுத்துவோம். மாகாணசபை இருந்திருந்தால் படகு கவிழ்ந்திருக்காது என்று நாங்கள் சொல்லவில்லை. கேட்க ஓர் இடம் இருந்திருக்கும்.

தேர்தல் வரும்வரை ஒண்டு செய்யலாம். பாலத்தை அடைக்கிறவரே மாற்றுவழிக்கும் பொறுப்பு என்று ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் எழுதச் சொல்லலாம்: பாதுகாப்பு அங்கி, ஆள் எண்ணிக்கை, படகுப் பரிசோதனை எல்லாத்துக்கும் செலவுக் கணக்கோட. உங்கட ஊரிலும் வீதியோரம் திட்டப் பலகை நட்டிருப்பாங்க. தொகை எவ்வளவு எண்டு அதில போட்டிருக்கும். மாற்றுவழிக்கு எவ்வளவு எண்டு போய்க் கேளுங்க.